சரிவராது

பழைய சோனகத் தெருவில்
ஆணியும் கொண்டியும் விற்கும் கடையில்
கணக்கெழுதுகிறேன், இருபத்தாறு வருடம்.
யார் வந்து என்ன கேட்டாலும்
கேள்வி முடிய முன்னமே
என் வாய் முந்திக்கொள்ளும்:
சரிவராது.

கடன் கேட்டால் சரிவராது.
புதுச் சாமான் இறக்குவோமா என்று முதலாளி கேட்டால்
விரலை நக்கி ஏட்டைப் புரட்டி
சரிவராது ஹாஜியார் என்பேன்.
பெரும்பாலும் என் சொல் பலித்தது.
அதில் எனக்கொரு பெருமை,
பல்வலிக்காரன் நாக்கால்
அந்தப் பல்லையே தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைப் போல.

இந்தச் சொல் நான் வாங்கியதல்ல.
எண்பத்து மூன்று ஆடியில்
ஐயாவின் கடை எரிந்து அணைந்த நாலாம் நாள்
சாம்பலைக் காலால் கிளறி
ஒரு படிக்கல்லும் மிஞ்சாமல்
அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே சாமான்.
எனக்கு அப்போது ஒன்பது வயது.
பத்திரமாக வைத்திருந்தேன்.

திருநீற்றுப் புதன் காலை
கொட்டாஞ்சேனைப் பேராலயத்தில் வரிசையில் நின்றேன்.
பாதரின் பெருவிரல் நெற்றியில் கோடிழுத்தபோது
மூக்குநுனியில் விழுந்தது ஒரு துகள்.
அதே மணம்.
நாற்பது வருடம் தாண்டி
இன்னொருவர் கையால் சாம்பல்,
ஆனால் அவ்வளவு மெதுவாக,
காய்ச்சல் பார்க்கிற கை மாதிரி.

வீட்டுக்கு வந்து டெல்ஃபினாவிடம் சொன்னேன்:
இந்தத் தவக்காலம் இறைச்சியை அல்ல,
அந்தச் சொல்லை விடப்போகிறேன்.
"உங்களுக்கா? சரிவராது" என்றாள்.
சிரித்தோம். வெகுநாளைக்குப் பிறகு.

வெற்று மைலோ டின் ஒன்று.
சொல்லுக்குப் பத்து ரூபா அபராதம்.
முதல் வெள்ளிக்கே டின் கனத்தது.
பஸ்ஸில் தனியே முணுமுணுத்ததற்கும் போட்டேன்.
நித்திரையில் சொன்னதற்கு டெல்ஃபினா வாங்கிப் போட்டாள்.
முழங்காலில் நின்று கேட்டேன்:
ஆண்டவரே, என் வாயைப் பூட்டிவிடும்.
பூட்டவில்லை.

இரண்டாம் கிழமை, குசினிக்குள்
மகன் சாவியோ தாயிடம் மெல்லச் சொன்னான்:
"அப்பாட்ட கேக்காதேங்கோ அம்மா,
அவர் என்ன சொல்லுவார் எண்டு தெரியும்தானே."
பூட்டச் சொன்னது வாயை.
அவர் திறந்துவிட்டது காதை.

பெரிய வெள்ளி.
ஜம்பட்டா வீதி வழியே சிலுவைப்பாதை.
செருப்பைக் கழற்றியிருந்தேன், தார் கொதித்தது.
ஒன்பதாம் தலம்: மூன்றாம் முறை விழுகிறார்.
கணக்கப்பிள்ளை மனம், கூட்டிப் பார்த்தேன்.
சிநேகிதர்கள் ஓடிவிட்டார்கள்.
பெலன் வரவில் இல்லை.
இரத்தம் செலவில் ஏறிக்கொண்டே போகிறது.
எந்த ஏட்டிலும் இது சரிவராது.
அவருக்கும் தெரிந்திருக்கும்.
என்றாலும் கையை ஊன்றி எழும்பினார்.
சரிவரும் என்றா எழும்பினார்?
எனக்குத் தெரியாது.
எங்கள் மேல் வைத்த பட்சம்
எழுப்பியிருக்கும் என்று நினைக்கிறேன்.
பத்தாம் தலத்துக்கு நடக்கையில்
டின்னும் அபராதமும் நினைவில் இல்லை.
பக்கத்தில் நடந்த பிள்ளையின் கை
என் கைக்குள் எப்போது வந்தது?

உயிர்த்த ஞாயிறு பின்னேரம்
முகத்துவாரப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது.
பட்டத்தோடு வாசலில் நின்று
தாயிடம் அல்ல, என்னிடம் கேட்டான்:
"அப்பா, காலிமுகத்துக்குப் போவமா?"
பழக்கத்தில் வாய் திறந்தது.
ஐயாவும் நானும் ஒரே கண்ணால் வானத்தைப் பார்த்தோம்.
"குடையை எடு" என்றேன்.

பட்டம் ஏறவில்லை.
மழை பிடித்தது, குடை புரண்டது,
இஸ்ஸோ வடை கையிலேயே ஊறிப்போனது.
"நாளைக்கும் வருவமா?" என்றான்.

திங்கட்கிழமை கடையில்
இரண்டு தரம் சொல்லிவிட்டேன்.
டின் இன்னும் மேசையில்தான் இருக்கிறது.